கேட்டா சொல்றேன்: வாடகைப் பாத்திரக் கடைக்காரர் கவுன்சிலருக்கு நிக்கலாமா?

இந்தத் தடவை வந்த தபாலப் பிரிச்சா பாதிக்கு மேல எலெக்‌ஷன் சமாச்சாரம். தேதியே இன்னும் அறிவிக்கல, அதுக்குள்ள செட்டிநாட்டுப் பக்கம் டீக்கடைக்கு ரெண்டு கவுன்சிலர் தயாராயிட்டாக போலருக்கு. நான் பில் கலெக்டரா வேலைக்குச் சேந்து, வீடு வீடா சொத்து வரி கேட்டு அலைஞ்சு, கடைசியில ஒரு டேபிளும் ஃபேனும் கெடச்சு ரிட்டயர்டு ஆனவன், அது தெரிஞ்சுதான் எல்லாரும் எனக்கு எழுதுறாக. எந்த ஊரு ஆபீஸுன்னு மட்டும் கேக்காதீங்க. மாமியார் மருமக பஞ்சாயத்து, முட்டுவலி, பையனுக்குப் பொண்ணு அமையல, இதெல்லாம் அடுத்த இதழ்ல பாப்போம், கோவிச்சுக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணே வணக்கம். காரைக்குடியில இருவது வருஷத்துக்கு மேல வாடகைப் பாத்திரக் கடை வச்சிருக்கேன். அண்டா, குண்டான், ஜமுக்காளம், சேர், சாமியானா, ஐஸ் பெட்டி எல்லாம் உண்டு. நல்லது கெட்டது எதுன்னாலும் மொத போன் எனக்குத்தான் வரும், நான் படியேறாத வீடே இந்த ஊர்ல இல்லண்ணே. இப்ப நம்ம ஊரு மாநகராட்சி ஆயிருச்சு, வர்ற எலெக்‌ஷன்ல கவுன்சிலருக்கு நில்லுங்கன்னு பசங்க சொல்றானுக. எனக்கும் ஆசை இருக்கு. ஜெயிப்பேன்னு நம்பிக்கையும் இருக்கு. நிக்கலாமா? என்னென்ன பாக்கணும்? (பேர் போட வேண்டாம், காரைக்குடி)

பதில்: நில்லுங்க தம்பி. மொதல்ல அதச் சொல்லிடுறேன், ஏன்னா இதுக்கு மேல நான் சொல்லப் போறதெல்லாம் வேண்டாம்னு சொல்ற மாதிரியே தெரியும்.

"நான் படியேறாத வீடே இல்ல"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒதைக்குது. ஏறினது நெசம். ஆனா அந்த வீட்டுக்காரங்க மனசுல நீங்க எப்படி நிக்கிறீங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? எங்க மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு கடையில பாத்திரம் எடுத்தோம், அவரும் தங்கமான மனுசன், அண்டாவ அவரே தூக்கி வச்சுட்டுப் போனாரு. திருப்பிக் குடுக்கையில எண்ணிப் பாத்தா ஒரு ஜல்லிக்கரண்டி கொறையுது. 350 ரூவா புடிச்சுக்கிட்டாக. நாலு மாசம் கழிச்சு அந்தக் கரண்டி எங்க வீட்டுப் பரண்ல, சாக்குக்குள்ள கெடந்துச்சு, திருப்பிக் கொண்டு போய்க் குடுக்க வெக்கமா இருந்துச்சு, விட்டுட்டோம். இன்னிக்கும் எங்க வீட்டம்மா அந்தக் கடையத் தாண்டிப் போனா "கரண்டிக் கடை"ன்னுதான் சொல்றா. தப்பு எங்க மேல! இருந்தாலும் அவரு எலெக்‌ஷன்ல நின்னா அவ ஓட்டு அவருக்கு விழாது, நான் எழுதித் தர்றேன். ஐஸ் பெட்டிக்குக் காசு வாங்காம போன வீடு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒடஞ்ச சேருக்குக் காசு புடிச்ச வீடு ஒங்களுக்கு மறந்திருக்கும். அவங்களுக்கு இது அப்படியே தலைகீழா இருக்கும். கடைக்காரனுக்கு உள்ள சாபம் அது, ஒங்க மேல குத்தம் இல்ல.

ரெண்டாவது, ஒங்க பில் புக்க எடுங்க. கடைசியா போட்ட 100 பில்ல எடுத்து வச்சு, எந்தத் தெருன்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. பள்ளத்தூர்க்காரரு இருப்பாரு, கானாடுகாத்தான் இருக்கும், தேவகோட்டை ரோட்டுல ஒரு காதுகுத்து இருக்கும், செக்காலை, கழனிவாசல், சுப்பிரமணியபுரம்னு ஊரு பூராம் செதறிக் கெடக்கும். ஒங்க வார்டுல எத்தனைன்னு பாத்தா பத்துப் பன்னெண்டு தேறுனா அதிகம். காரைக்குடி நகராட்சியா இருந்தப்ப 36 வார்டு, 2011 கணக்கெடுப்புல ஒரு லட்சத்துச் சொச்சம் சனம், பங்கு போட்டா வார்டுக்கு சுமாரா 3,000 பேரு, அதுல ஓட்டு உள்ளவுக இன்னும் கொறைச்சல். அவ்வளவு சின்ன எடம். ஊரே ஒங்களத் தெரிஞ்சு வச்சிருக்கிறது ஒரு பக்கம், அந்த நாலு தெரு தெரிஞ்சு வச்சிருக்கிறது இன்னொரு பக்கம். கவுன்சிலருக்கு இந்த ரெண்டாவதுதான் வேணும். 2021ல கோயமுத்தூர் பக்கம் ஒரு ஊரக வார்டு இடைத்தேர்தல்ல ஒருத்தருக்கு மொத்தமே ஒரு ஓட்டுதான் விழுந்துச்சு, நாடே சிரிச்சுச்சு, பேப்பர்ல பாத்திருப்பீங்க. அவரு ஓட்டும் அவரு வீட்டு ஓட்டும் வேற வார்டுல இருந்துச்சாம். சட்டப்படி அது தப்பில்ல, அந்த ஊராட்சியோ மாநகராட்சியோ அதோட வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்து 21 வயசு ஆயிருந்தா எந்த வார்டுலயும் நிக்கலாம். ஆனா சொந்த வீட்டு ஓட்டே இல்லாத வார்டுல நின்னு என்னத்தப் பண்றது.

இப்ப மாநகராட்சி ஆனதுல பக்கத்து ஊரெல்லாம் உள்ள வருது, அதனால வார்டு எல்லையப் புதுசாப் பிரிச்சு, எது பொது, எது பெண்கள், எது பட்டியல் சமூகம்னு ஒதுக்கீடு அறிவிச்சாத்தான் ஒங்க தெரு எங்க நிக்குதுன்னு தெரியும். அதுக்கு முன்னாடி போஸ்டர் அடிக்காதீங்க. அடிச்சவுகளப் பாத்திருக்கேன், வார்டு மாறிப்போயி அந்தப் போஸ்டரு மூணு வருஷமா அவுக வீட்டுப் புத்தக அலமாரிக்கு அடியில விரிச்சிருந்துச்சு.

வாக்காளர் பட்டியல் வந்த ஒடனே அதை வாங்கிட்டு வீடு வீடா நடங்க. இதுதான் ஒங்களுக்கு இருக்கிறதிலயே பெரிய கஷ்டம், நான் ஏன் சொல்றேன்னா கல்லாவுல ஒக்காந்து பழகின ஒடம்பு ஒங்களுக்கு. கடைக்காரன் ஒக்காந்திருப்பான், ஆளு தேடி வரும், "என்ன தேதி, எத்தனை பேரு, சைவமா அசைவமா"ன்னு கேட்டு நோட்டுல எழுதுவான். ஓட்டு கேக்கறது அதுக்கு நேர் எதிர். நீங்க வெயில்ல நிக்கணும், அவங்க நிழல்ல ஒக்காந்து ஒங்களக் கேள்வி கேப்பாங்க, அதுக்கு மொகம் சுளிக்காம பதில் சொல்லணும். நான் பில் கலெக்டரா இருந்தப்ப முதல் ஆறு மாசம் அழுகையா வரும். ஒரு வீட்டுத் திண்ணையில "சாக்கடைய அள்ளிட்டு வந்து வரி கேளுய்யா"ன்னு ஒரு அப்பத்தா சொன்ன சொல்லு இன்னும் காதுல கெடக்கு. அந்த அப்பத்தா சொன்னது சரிதான்.

நடக்கும்போது பெரிய வீடு இருக்கிற தெருவுலயே நேரத்தப் போக்கிடாதீங்க. நம்ம பக்கம் முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, பின்கட்டுன்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடெல்லாம் இருக்கு, அதுல பாதி பூட்டிக் கெடக்கு. ஆளு சென்னையில, பெங்களூர்ல, மலேசியாவுல, சிங்கப்பூர்ல. கோயில்ல புள்ளிக் கணக்கு (கல்யாணம் ஆன ஜோடிக்கு ஒரு புள்ளி) எடுத்தா அந்த வீட்டுக்கு எட்டுப் புள்ளி இருக்கும், வாக்காளர் பட்டியல்ல எடுத்தா வாட்ச்மேன் பேரு ஒண்ணுதான் இருக்கும். ஓட்டு இருக்கறது பின்னாடி லைன் வீட்டுல, கொளத்தங்கரையில, ஊரணிக்கு அந்தாண்ட. அவங்க வீட்டு விசேஷத்த இப்பல்லாம் மண்டபத்துல வைக்கிறாங்க, மண்டபத்துலயே பாத்திரமும் குடுத்துர்றாங்க, அதனால அவங்க ஒங்க கடைக்கு வந்ததே இல்ல. ஒங்கள அவங்களுக்குத் தெரியாது! ஒங்களுக்கும் அவங்களத் தெரியாது, அங்க எந்தக் குழாயில எத்தனை மணிக்குத் தண்ணி வருதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கும்பிடு போடுங்க.

அடுத்து ஒங்க தொழிலுக்குன்னே உள்ள ரெண்டு மூணு சிக்கல். இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

நகராட்சி, மாநகராட்சி விழாவுக்கு, சுதந்திர தினத்துக்கு, முகாமுக்கு, தடுப்பூசி கேம்ப்புக்குன்னு பந்தலும் சேரும் நீங்க போடறது உண்டா? உண்டுன்னா மொத அந்தக் கணக்க முடிங்க. மாநகராட்சியோட நடப்புல இருக்கிற காண்ட்ராக்ட்ல ஒங்களுக்குப் பங்கு இருந்தா நிக்கத் தகுதி இல்ல, மச்சான் பேர்ல மாத்தி வச்சுட்டேன், கூட்டாளி பேர்ல இருக்குன்னா அதுக்கும் அர்த்தம் இல்ல, மறைமுகமா இருந்தாலும் பங்கு பங்குதான். மனு பரிசீலனை அன்னிக்கு எதிராளி ஒங்க பழைய பில்ல கையில வச்சுட்டு நிப்பான். ஜெயிச்சப்புறம் கண்டுபிடிச்சாலும் பதவி போகும். வரவேண்டிய பாக்கிப் பணம் இருந்தா வக்கீலக் கேட்டுக்கிட்டு, எழுத்துல முடிச்சு வாங்குங்க. அதே மாதிரி சொத்து வரி, தொழில் வரி, குழாய் வரி, கடைவாடகை, எதுலயும் ஒங்க பேர்ல பாக்கி இல்லாம ரசீத ஃபைல் பண்ணி வச்சுக்கங்க. இருவது வருஷம் ஊருக்கெல்லாம் ரசீது போட்டுக் குடுத்தவன் சொல்றேன், கடைசி நேரத்துல ரசீதத் தேடி பீரோவக் கவுத்தவங்க ரொம்பப் பேரு.

ஒங்க சொந்தச் சேர, சொந்த சாமியானாவ ஒங்க பிரசாரத்துக்குப் போட்டீங்கன்னா "நம்ம சேருதான, காசா குடுத்தோம்"னு கணக்குல விட்டுராதீங்க. வெளியாளுக்கு என்ன வாடகையோ அதைச் செலவுக் கணக்குல எழுதணும். 2022ல மாநகராட்சி வார்டு வேட்பாளருக்கு உச்சவரம்பு 85,000 ரூவா (சென்னைக்கு மட்டும் 90,000), நகராட்சியில சின்னதுக்கு 34,000, பேரூராட்சிக்கு 17,000னு வச்சிருந்தாங்க, இந்தத் தடவை என்னன்னு அறிவிப்புல பாத்துக்கங்க. டெபாசிட் அப்ப மாநகராட்சிக்கு 4,000. ஜெயிச்சாலும் தோத்தாலும் ரிசல்ட்டு வந்து 30 நாளுக்குள்ள கணக்க ஒப்படைக்கணும். தோத்தவங்கதான் இதை மறக்கிறது. மறந்தா மூணு வருஷத்துக்கு எந்த உள்ளாட்சியிலயும் நிக்க முடியாம பண்ணிருவாங்க.

இன்னொண்ணு, போன தடவ தேதி ஞாபகம் இருக்கா? 2022 ஜனவரி 28 மனு வாங்க ஆரம்பிச்சாங்க, பிப்ரவரி 7 வாபஸ், 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை. வேட்பாளர் பட்டியல் முடிவாகி ஓட்டுப் போடுறதுக்கு நடுவுல பன்னெண்டே நாள். தமிழ் மாசத்துல பாத்தா தை பாதியில ஆரம்பிச்சு மாசி மொத வாரம். தை முகூர்த்தம்! ஒங்க கடையில வருஷத்துக்கே கஞ்சி ஊத்துற மாசம். அடுத்ததும் அதே வாக்குல வந்துச்சுன்னா, ஒரு பக்கம் ஒரே நாள்ல ஒம்பது கல்யாணத்துக்கு அண்டா ஏத்தணும், இன்னொரு பக்கம் நீங்க கையக் கும்பிட்டுக்கிட்டு தெருவுல நிக்கணும். யாரு ஏத்துறது? இதை வீட்டுல பேசிட்டீங்களா? (இந்தக் கேள்விய ஏன் கேக்கறேன்னு அடுத்த லெட்டர்ல தெரியும்.)

அப்புறம் ஒங்க சேர் எல்லாக் கட்சி மீட்டிங்குக்கும் போயிருக்கும், கறுப்பு செவப்பும் வந்துருக்கும், மத்த கலரும் வந்துருக்கும். ஒரு கட்சி வேட்டியக் கட்டுன மறுநாளு மத்தவன் சேர் எடுக்க வேற கடைக்குப் போயிருவான். சுயேச்சையா நின்னா அந்தச் சேதம் கொஞ்சம் கொறையும், ஆனா சின்னம் கடைசியிலதான் கைக்கு வரும், ஒரே சின்னத்த ரெண்டு பேரு கேட்டா குலுக்கல். எது ஒசத்தின்னு நான் சொல்ல மாட்டேன், ஒங்க மனசுக்கு எது ஒத்து வருதோ அது.

ஜெயிச்சா என்ன வேலைன்னு நீங்க ஒரு வரி கூட கேக்கல. பரவாயில்ல, யாரும் கேக்கறதில்ல. தெருவெளக்கு, குடிதண்ணி, குப்பை, சாக்கடை, ரோடு, ஊரணி வரத்துக்கால், பொறப்பு எறப்பு சர்டிபிகேட், இதுதான். நம்ம பக்கம் அந்தக் காலத்துல ஊர அமைச்சவுக கூரைத் தண்ணி முற்றத்துல விழுந்து, அண்டாவுல புடிச்சது போக மிச்சம் தெருக் கால்வாய் வழியா ஊரணிக்குப் போய்ச் சேர்ற மாதிரி வாட்டம் பாத்து வச்சிருக்காக. இப்ப அந்த வரத்துக்கால்ல எத்தனை எடத்துல சிமெண்ட் சிலாப் போட்டு வண்டி நிறுத்திருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க, ஒங்க கடை வாசல்லயும் ஒண்ணு இருக்கும். இருக்குல்ல? மொத அதை எடுங்க. அதை எடுத்தீங்கன்னா பாதி ஓட்டு வந்த மாதிரின்னு சொல்ல மாட்டேன், ஆனா அது இருக்கிற வரைக்கும் அடுத்தவன் சிலாப்ப எடுன்னு வாயத் தொறக்க முடியாது. பட்டா, ரேஷன், கரண்டு, போலீஸ், இதெல்லாம் கவுன்சிலர் கையில இல்ல, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு அதுக்குத்தான் போன் வரும். "அது எனக்கில்ல, இன்ன ஆபீஸு, காலையில பத்து மணிக்கு நானும் கூட வர்றேன்"னு சொல்லப் பழகுங்க. "பாத்துக்கலாம், விடுங்க"ன்னு கடையில சொல்ற மாதிரி சொல்லிப்புட்டு மறந்தீங்கன்னா அடுத்த அஞ்சு வருஷம் அதையே சொல்லிக் காமிப்பாங்க.

கேள்வி: ஐயா, எங்க வீட்டுல இவுக எலெக்‌ஷன்ல நிக்கப் போறதாச் சொல்றாக. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா நம்ம வார்டு பெண்கள் வார்டா ஆயிருச்சுன்னா என்னைய நிக்க வச்சு, "நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்"ங்கிறாக. கடையில பில் போடறது நான், திரும்பி வர்ற பாத்திரத்த எண்ணி வாங்குறது நான். நானும் போயிட்டா கடைய யாரு பாக்குறது? நான் என்ன சொல்லட்டும்? (பேர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, ஒங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். ஒரு வாடகைக் கடை பில்லோட பின்பக்கத்துல எழுதிருக்கீங்க, திருப்பிப் பாத்தா "தாம்பாளம் 12, டம்ளர் 200, வாளி 6"ன்னு இருக்கு. மேல வந்த லெட்டரும் அதே பில் புக்குல கிழிச்ச தாளுதான், நம்பர் மட்டும் நாலு தள்ளி இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரும் தனித்தனியா தபால்ல போட்டிருக்கீங்க, அதுவும் ஒரு அழகுதான்.

2016ல சட்டத்தத் திருத்தி உள்ளாட்சியில பெண்களுக்குப் பாதி எடம்னு ஆக்குனாங்க, 2022 தேர்தல் அப்படித்தான் நடந்துச்சு. ஒங்க வார்டு அதுல வந்தாலும் வரலாம். வந்தா நில்லுங்க. ஆனா கையெழுத்து மட்டும் போடற வேலைக்கு நிக்காதீங்க. நான் இருந்த ஆபீஸ்ல ஒரு அம்மா இருந்தாங்க, கூட்டத்துக்கு வருவாங்க, ஃபைல் அவங்க வீட்டுக்காரர் கக்கத்துல இருக்கும், கூட்ட அறைக்குள்ள அவர விட மாட்டாங்க, ஜன்னலுக்கு வெளிய நின்னு சைகை காமிப்பாரு. இந்தம்மா ஜன்னலப் பாத்துப் பாத்து கையத் தூக்குவாங்க. ஒரு நாளு பியூன் ஜன்னலச் சாத்திட்டான். வெயில் அடிக்குதுன்னுதான் சாத்துனான், வேற எண்ணமெல்லாம் இல்ல. அன்னிக்கு ஒரு தீர்மானம் வந்துச்சு, தெருவெளக்கு ரிப்பேர் செலவு, எந்த வார்டுல எத்தனை வெளக்கு மாத்திருக்குன்னு. இந்தம்மா எந்திரிச்சு, "எங்க தெருவுல மாத்துனது மூணு, இதுல ஏழுன்னு இருக்கு"ன்னாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சாயங்காலம் வாசல்ல ஒக்காந்து வெளக்கு எரியுதா எரியலையான்னு பாக்குறது அவங்கதான, வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் அந்த ஜன்னல் பக்கம் அவங்க திரும்பல.

டம்ளர் 200 குடுத்து 197 வந்தா கண்டுபிடிக்கிற கண்ணு ஒங்களுக்கு இருக்கு. அஜெண்டா பேப்பர்ல வர்றதும் அதே மாதிரி கணக்குத்தான், இத்தனை லோடு மண்ணு அள்ளுனோம், இத்தனை மீட்டர் பைப்பு போட்டோம், இத்தனை பேரு கொசு மருந்து அடிச்சாங்கன்னு. எண்ணி வாங்கத் தெரிஞ்ச ஆளு அந்த ஹால்ல ஒருத்தராவது இருக்கணும். அதனால பெண்கள் வார்டுன்னு வரணுங்கற அவசியம்கூட இல்ல, பொது வார்டா இருந்தாலும் பெண்கள் நிக்கலாம். உங்க வீட்டுல யாரு நிக்கிறது யாரு கடையில இருக்கிறதுன்னு ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுங்க. அவரு கடையில இருந்தா எண்ணாம வாங்கிருவாருன்னு ஒங்களுக்குப் பயம் இருக்கும், அது எனக்கும் இருக்கு.

ஒரே ஒரு சந்தேகம். பாத்திரம் எண்ணி வாங்கறது நீங்கன்னா, ஜனங்க கோவம் அவர் மேல இருக்காது, ஒங்க மேலதான் இருக்கும். எங்க வீட்டம்மாவ வச்சுச் சொல்றேன்.

கேள்வி: நான் சென்னையில இருக்கேன். பூர்வீகம் கோட்டையூர். அங்க வீடு இருக்கு, வருஷம் தவறாம வரி கட்டுறேன், ரெண்டு தடவ வந்து படைப்பு (முன்னோருக்குப் படையல்) போட்டுட்டுப் போறேன். சொந்த ஊருக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு. ஓட்டு சென்னையில இருக்கு. நிக்கலாமா? (சென்னை-17)

பதில்: வரி கட்டுறது போதாது. அந்த ஊரு பட்டியல்ல பேரு இருக்கணும், பேரு இருக்கணும்னா அங்க குடியிருக்கணும். ரெண்டு எடத்துலயும் பேரு வச்சுக்கறது குத்தம், அந்த ஐடியா இருந்தா விட்டுருங்க. நெசமாவே ஊருக்கே வந்து இருக்கப் போறீங்கன்னா சென்னையில இருந்து மாத்தி இங்க சேத்துக்கங்க, யாரும் தடுக்கப் போறதில்ல, சந்தோஷம்தான்.

வராமயே செய்யணும்னாலும் வழி இருக்கு. காரைக்குடியில சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கே, 1948ல நேரு அடிக்கல் நாட்டுனது, அதுக்கு 300 ஏக்கர் எடமும் 15 லட்சம் ரூவாயும் குடுத்த அழகப்பச் செட்டியார் எந்த வார்டுல நின்னாரு? அந்த அளவுக்கு வேண்டாம். ஒங்க வீட்டுக்கு முன்னாடி போற வரத்துக்கால ஒரு ஆளு வச்சுத் தூர் வாருங்க. பூட்டின வீட்டு வாசல்தான் குப்பை கொட்டறதுக்கு வசதியா இருக்குன்னு தெருவே கொட்டும், அதைக் காலி பண்ணி ஒரு வெளக்குப் போட்டு வைங்க. அடுத்த தடவ படைப்புக்கு வரும்போது தெருக்காரங்க ஒங்களப் பாக்குற பார்வையே வேறயா இருக்கும்.

கேள்வி: கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா? (தேவகோட்டை)

பதில்: சம்பளம்னு இல்ல, மதிப்பூதியம். 2023 ஜூலையிலருந்து மாசத்துக்கு மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000, நகராட்சிக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. அதை வச்சுப் பெட்ரோலும் கல்யாண மொய்யும் பாத்துக்கலாம், மொய் ஜாஸ்தியான மாசத்துல பெட்ரோல் கைக்காசு.

கேள்வி: காசு குடுக்காம ஜெயிக்க முடியுமா அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. (காரைக்குடி)

பதில்: முடியும். தோக்கவும் முடியும். காசு குடுத்துத் தோத்தவுகளயும் நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், அவுக எண்ணிக்கை கொறைச்சல் இல்ல, கேஸுப் பயம் வேற. குடுத்து ஜெயிச்சவரு அதை எங்கேருந்து எடுப்பாருன்னு ஒங்களுக்கே தெரியும், அதான சாக்கடை சிலாப்பு ஒரு மழைக்கு ஒடையுது. அப்புறம் ஜெயிச்சா என்ன, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்குப் பகுதி சபான்னு ஒண்ணு, கிராம சபை மாதிரி டவுன்ல ஒரு மக்கள் கூட்டம், வைக்கிறாங்க, 2022ல ஆரம்பிச்சது, ஒங்க பகுதியில வச்சா போய் ஒக்காந்து கேளுங்க. காசு வாங்கினவங்க அங்க வாயத் தொறக்கறதில்ல, கவனிச்சுப் பாருங்க.

கேள்வி: நான் ஒரு கடையில லோடு ஏத்தற வேலை பாக்குறேன். ஓனர் எலெக்‌ஷன்ல நிக்கிறாராம். பன்னெண்டு நாளும் எங்க அஞ்சு பேரையும் நோட்டீஸ் குடுக்க, கொடி கட்ட வரச் சொல்றாரு. கடை வேலையும் இருக்கு. கூலி பத்திப் பேச்சே இல்ல. நல்ல மனுசன், மொகத்துக்கு நேரா கேக்கக் கூச்சமா இருக்கு. எப்படிக் கேக்கறது? (பேர் வேண்டாம்)

பதில்: தம்பி, நீங்க எழுதுன தாளும்... சரி விடுங்க.

கூச்சப்படாதீங்க. இப்படிக் கேளுங்க: "அண்ணே, நோட்டீஸ் குடுக்க நாங்க வர்றோம், எங்க கூலிய ஒங்க செலவுக் கணக்குல எந்த வரியில எழுதறீங்க?" அவரு ஒரு நிமிஷம் முழிப்பாரு. ஆளுக்கூலி குடுத்தா அது தேர்தல் செலவு, கணக்குல வரணும், உச்சவரம்புக்குள்ள அடங்கணும். கடைச் சம்பளத்துலயே கழிச்சுக்கறேன்னு சொன்னாலும் கடை வேலைக்கு உள்ளது கடை வேலைக்கு, இது தனி. ஒங்களுக்கு விருப்பப்பட்டு, லீவு நாள்ல, சும்மா போறதா இருந்தா அது ஒங்க இஷ்டம், அதுக்கு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஓட்டும் அப்படித்தான், பொத்தான அமுக்குறது நீங்க மட்டும்தான்.

தை மாசத்துல அண்டா ஏத்த ஆளு பத்தாதுன்னும் அவர்கிட்டச் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் தெரியும், ஒரு அண்டாவ எறக்க நாலு பேரு வேணும், அஞ்சு பேரும் கொடி கட்டப் போயிட்டா அந்தம்மா தனியா என்ன பண்ணுவாங்க.